பள்ளிக் கட்டிடங்களில் வெப்பமும் காற்றோட்டமும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளின் மின்சார வேலைகளையும் காற்றோட்ட வேலைகளையும் பார்வையிடப் போகும் இடங்களில் தாளாளர்கள், தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், விடுதிக் காப்பாளர்கள் ஆகியோர் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியதால், கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இங்குள்ள கணக்குகளில் உங்கள் பள்ளியின் அறை அளவையும் மாணவர் எண்ணிக்கையையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சேலத்தில் வெயில்தான் பிரச்சினை. இங்கே ஹீட்டிங் பற்றிப் பேசுகிறீர்களே, அது குளிர்தேசத்து விஷயம் அல்லவா?

சேலம் நகரத்துக்கு அது பொருந்தும். மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பநிலை குறையும் என்பதால், ஒரே நாளில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 8 டிகிரி வித்தியாசம் இருக்கும். ஏப்ரல் மாதத்தில் கீழே 40 டிகிரியைத் தொடுகிறது. ஜனவரி இரவுகளில் மேலே 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது.

ஏற்காட்டில் பல பள்ளிகள் விடுதியோடு நடப்பவை. அங்கே வெப்பத்துக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு குளியல் வெந்நீருக்கே போகிறது. அறையைச் சூடாக்குவது அதற்கு அடுத்ததுதான். சேலத்தில் வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தடுப்பதும், உள்ளிருப்பதை வெளியேற்றுவதும்தான் வேலை. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருப்பது காற்றோட்டம்.

எங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. முதலில் எந்த மெஷினை வாங்கலாம்?

முதலில் மெஷின் எதையும் வாங்க வேண்டாம். கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து, மாதவாரியாக யூனிட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு சில நூறு ரூபாய் விலையுள்ள சாதாரண டிஜிட்டல் வெப்பமானி நான்கை வாங்கி, மேல்மாடியில் இரண்டு, கீழ்த்தளத்தில் ஒன்று, வராந்தா நிழலில் ஒன்று என மாட்டி, ஒரு வாரம் காலை 9, மதியம் 12, மாலை 3 மணி அளவுகளைக் குறித்து வையுங்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களே செய்யக்கூடிய வேலை இது. அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்.

மேல்மாடி அறை வராந்தாவைவிட 3 டிகிரி அதிகமாக இருந்தால் உங்கள் பிரச்சினை கூரையில் இருக்கிறது. எல்லா அறைகளும் வராந்தாவோடு ஒத்துப்போனால் கூரையைத் தொட வேண்டியதில்லை. மின்விசிறியையும் ஜன்னலையும் பார்த்தால் போதும். இந்த ஒரு வாரக் குறிப்பு இல்லாமல் வரும் எந்த விலைப்புள்ளியையும் நான் நம்புவதில்லை.

மேல்மாடியில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

பல பள்ளிகளுக்குப் போதும். கான்கிரீட் தளம் காலை முழுவதும் வெயிலை வாங்கிச் சேர்த்துவைத்து, சில மணி நேரம் கழித்தே உள்பக்கம் கொடுக்கிறது. அதனால்தான் வெளியே உச்சிவெயில் தணியத் தொடங்கும் 2, 3 மணிக்கு உள்ளே புழுக்கம் உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் உட்கூரையைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். மின்விசிறியோ அந்தச் சூடான உட்கூரையை ஒட்டியிருக்கும் காற்றைத்தான் பிள்ளைகளின் தலையில் தள்ளுகிறது.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது விழும் வெயிலில் 80 சதவீதம் வரை பிரதிபலிக்கும். சேலத்துத் தூசியில் அது மங்கிவிடுவதால், ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி இறுதியில் கழுவிவிட வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகளில் மறுபூச்சு தேவைப்படும். பசை சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். விலை மிகக் குறைவு, ஆனால் மழையில் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். எதை அடித்தாலும் முதலில் ஒழுக்கையும் விரிசலையும் சரிசெய்துவிட்டு அடியுங்கள். ஈரமான தளத்தின் மேல் அடித்த பூச்சு உரிந்து வந்துவிடும்.

தட்டோடு பெயர்ந்து தளத்தையே புதுப்பிக்கும் நிலை வந்திருந்தால் மட்டும், ஓட்டுக்கு அடியில் 50 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்புப் பலகை வைத்துப் பதிக்கச் சொல்லுங்கள். வெறும் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் உள்ளே இறங்கும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இதற்காகவே நல்ல தளத்தை உடைப்பது வீண்செலவு.

எங்களுடையது சிமெண்ட் ஷீட் போட்ட கட்டிடம். அதற்கும் இதே வழிதானா?

வெள்ளைப் பூச்சு அங்கே இன்னும் நன்றாகப் பலன் தரும். ஷீட் மெல்லியதாக இருப்பதால் வெயிலுக்கும் உள்ளறைக்கும் இடையே தாமதமே கிடையாது. அதோடு கூரையின் உச்சியில் காற்றில் சுழலும் வென்டிலேட்டர் உருளைகளையும், சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் ஜாலிகளையும் வைத்தால் மேலே தேங்கும் சூடான காற்று மின்சாரம் இல்லாமலேயே வெளியேறும். கீழே வழி விடாமல் மேலே மட்டும் உருளை வைத்தவர்கள்தான் அது வேலை செய்யவில்லை என்று குறைசொல்கிறார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளைக்கவோ, அறுக்கவோ, சுரண்டவோ கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அப்படிப்பட்ட கூரையைப் பழகிய ஆட்களைக் கொண்டு முழுதாக மாற்றுவதே சரி.

ஃபேன் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடுகிற ஃபேனைக் கழற்றி எதற்கு புதிது மாட்ட வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள ஃபேன் அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. 20 அறைகளில் நான்கு வீதம் 80 ஃபேன்கள், நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால், மிச்சமாவது சுமார் 5,000 யூனிட். இதை உங்கள் ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்கினால் ஓராண்டு மிச்சம் கிடைக்கும். போட்ட பணத்தை அதால் வகுத்தால் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் மின்கட்டண வகை வேறு என்பதால் விடையும் வேறுபடும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் அறைகளில் தொடங்கி, கெட்டுப்போகும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக இதை மாட்டி வந்தால் போதும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வாங்கும்போது வாட் அளவையும் காற்றின் அளவையும் முத்திரையிலேயே ஒப்பிடலாம். ஒரு சிறு எச்சரிக்கை: பெரும்பாலான இவ்வகை ஃபேன்கள் ரிமோட்டில் இயங்குபவை, பள்ளியில் ரிமோட் ஒரு பருவம்கூடத் தாங்காது. சுவர் சுவிட்சைக் கொண்டே வேகத்தை மாற்றக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஜன்னல் திறந்துதானே கிடக்கிறது? வென்டிலேஷன் என்று தனியாக என்ன இருக்கிறது?

ஜன்னல் உண்மையிலேயே திறந்திருந்து, எதிர்ச்சுவரிலும் திறப்பு இருந்தால் தனியாக எதுவும் வேண்டாம். பெரும்பாலான வகுப்பறைகளில் சாலை இரைச்சல், கரும்பலகையில் கூசும் ஒளி, மழைச்சாரல், கொசு என்று ஏதோ ஒரு காரணத்தால் பாதி ஜன்னல்கள் நிரந்தரமாகச் சாத்தியே இருக்கின்றன. மேலே இருக்கும் சின்ன வென்டிலேட்டர்களை அட்டை வைத்து அடைத்திருப்பார்கள்.

20க்கு 24 அடி அறையில் 40 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். 40 பேருக்கு 600 லிட்டர். அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 140 கன மீட்டர். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டால் அரை மணி நேரத்திலேயே வாயுவின் அளவு 2,000 பி.பி.எம்.மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,000 பங்கு) தாண்டிவிடும், வெளிக்காற்றில் அது சுமார் 420தான். மூன்றாவது பீரியடில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குப் பாடத்தை மட்டும் குறைசொல்லக் கூடாது. கரியமில வாயுவை இங்கே ஓர் அளவுகோலாகத்தான் பார்க்கிறோம்: அது ஏறியிருக்கிறது என்றால் அடுத்தவர் விட்ட மூச்சை, அதிலிருக்கும் சளிக்கிருமிகளோடு, எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள்.

பன்னாட்டு அளவில் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஆஷ்ரே தரத்தின்படி வகுப்பறையில் ஒருவருக்கு விநாடிக்கு 5 லிட்டர் புதுக்காற்றும், அதோடு தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 0.6 லிட்டரும் தேவை. நம் அறைக்கு அது மணிக்கு 800 கன மீட்டரைத் தாண்டுகிறது, அதாவது அறைக்காற்று முழுவதும் மணிக்கு ஐந்தாறு முறை மாற வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் இளங்காற்றே இதைச் செய்துவிடும். ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல் உள்ள அறைக்கு, வராந்தாச் சுவரின் மேற்புறத்தில் கம்பிவலை போட்ட திறப்பு வைப்பதுதான் மிகச் சிக்கனமான வேலை. அதற்கும் இடமில்லாத அறைக்கு மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன்.

ஸ்மார்ட் கிளாஸுக்கும் கம்ப்யூட்டர் லேப்புக்கும் ஏசி போட்டுவிட்டோம். ஏசியே நல்ல காற்று கொடுக்குமே?

கொடுக்காது. நான் அதிகம் கேட்கும் தவறான நம்பிக்கை இது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிர்வித்து மறுபடியும் அறைக்குள் விடுகிறது. வெளிக்காற்று ஒரு துளிகூட வருவதில்லை. ஏசிக்காக ஜன்னலை மூடிவிடுவதால், மேலே சொன்ன இறுக மூடிய அறைக் கணக்கு அப்படியே இங்கே நடக்கிறது.

ஏசி அறையில் ஒவ்வொரு பீரியடுக்கும் இடையே ஐந்து நிமிடம் கதவையும் ஜன்னலையும் திறப்பது குறைந்தபட்ச ஏற்பாடு. நாள் முழுவதும் 40 பேர் இருக்கும் அறையானால் வெப்பப் பரிமாற்றத்தோடு கூடிய புதுக்காற்றுக் கருவி, அதாவது இ.ஆர்.வி., பொருத்துவது நல்லது. வெளியேறும் குளிர்ந்த காற்றும் உள்ளே வரும் சூடான காற்றும் கலக்காமல் ஒன்றையொன்று உரசிப்போகும்படி அது அமைந்திருப்பதால், வெளியேற வேண்டிய குளிர்ச்சியில் பாதிக்கு மேல் மீட்டுக் கொடுக்கும். ஏசியை 26 டிகிரியில் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். 2020 முதல் விற்கப்படும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு விதித்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அவ்வமைப்பின் கணக்கு.

ஏசிக்குப் பதிலாக ஏர்கூலர் வைத்தால் மலிவாக முடியுமே?

சேலத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நன்றாக வேலை செய்யும். பிற்பகல் காற்று உலர்ந்திருப்பதால் 38 டிகிரி காற்று கூலரின் வழியே 28 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கூலர் வெளிக்காற்றை உள்ளே தள்ளுவதால் காற்றோட்டமும் சேர்ந்தே கிடைக்கிறது. ஆனால் கூலரை ஜன்னலுக்கு வெளியே வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். மூடிய அறையின் நடுவில் வைத்தால் அரை மணி நேரத்தில் புழுக்கமே மிஞ்சும். அக்டோபர், நவம்பர் மழை நாட்களில் பயனில்லை. தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை முழுதாகக் கொட்டிக் காயவிடாத பள்ளி கூலர் வாங்கவே வேண்டாம். அது கொசுப் பண்ணையாகிவிடும்.

மாமாங்கம் பக்கம் எங்கள் பள்ளி. வெள்ளைக்கல் லாரிகள் கிளப்பும் தூசியில் ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. நாங்கள் என்ன செய்வது?

சாலைப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, மைதானப் பக்கத்திலிருந்து காற்றை எடுப்பதே முதல் வழி. அதுவும் முடியாத அறைகளுக்கு, வடிகட்டி வைத்த ஃபேனால் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் முறை பொருந்தும். அறைக்குள் காற்றழுத்தம் சற்றே கூடுவதால் இடுக்குகள் வழியே தூசி நுழைவதும் குறையும். எக்ஸாஸ்ட் ஃபேன் இங்கே எதிர்மாறாக, எல்லா இடுக்குகள் வழியாகவும் தூசியை இழுக்கும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவ ஓர் ஆளைப் பொறுப்பாக்காமல் இதைத் தொடங்காதீர்கள்.

ஏற்காட்டில் டிசம்பரில் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். வகுப்பறைக்கு ஹீட்டர் போட வேண்டாமா?

நிறைந்த வகுப்பறைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 40 பேர் சேர்ந்தால் 3,000 வாட், அதாவது 1,500 வாட் ஹீட்டர் இரண்டுக்குச் சமம். வெளியே இருப்பதைவிட உள்ளே 7 டிகிரி அதிகமாக வைத்துக்கொண்டு, முன்பு சொன்ன முழு அளவுப் புதுக்காற்றையும் விட்டால்கூட, அந்தக் காற்றோடு போவது அதில் ஏறத்தாழ பாதிதான். மீதியைக் கொண்டு சுவரும் கூரையும் விழுங்குவதை ஓரளவு ஈடுகட்டிவிடலாம்.

பிள்ளைகளை நடுங்க வைப்பது கதவடியிலும் உடைந்த கண்ணாடியிலும் புகுந்து காலில் படும் காற்றும், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அறையில் நடக்கும் முதல் பீரியடும்தான். கீழ் ஜன்னல்களின் இடுக்குகளை ரப்பர் பட்டை கொண்டு அடைத்துவிட்டு, மேல் வென்டிலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். புதுக்காற்று தலைக்கு மேலே கலந்து இறங்கும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் கரியமில வாயுக் கணக்கு இங்கேயும் துரத்தும்.

ஆட்கள் குறைவாக இருக்கும் நோயாளர் அறை, மழலையர் வகுப்பு, அலுவலகம் ஆகியவற்றுக்குச் சூடாக்கி வேண்டும் என்றால், கம்பிச்சுருள் ஹீட்டரை விட்டுவிட்டு, சூடும் தரக்கூடிய இன்வெர்ட்டர் ஏசியை வாங்குங்கள். கம்பிச்சுருள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஏசி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுவதால் மூன்று யூனிட் அளவுக்குத் தருகிறது.

விடுதியில் நூறு பேருக்கு வெந்நீர். விறகு, கீசர், சோலார், ஹீட் பம்ப் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

தேவையை முதலில் அளப்போம். ஒருவருக்கு ஒரு வாளி, 15 லிட்டர். 18 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். நூறு பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 38 யூனிட் வெப்பம். கீசரில் அது 38 யூனிட் மின்சாரம், குழாயிலும் தொட்டியிலும் வீணாவது தனி. வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பில் 13 யூனிட். சாதாரண விறகு பாய்லரில் ஏறத்தாழ 30 கிலோ விறகு. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரக் கழி மலிவாகக் கிடைத்தாலும், அதை உலர்த்துவதற்கும் புகைக்கும் ஆளுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

சோலார் வெந்நீர்க் கருவி வெயில் நாட்களில் எல்லாவற்றையும் வென்றுவிடும். ஆனால் ஏற்காட்டில் மூடுபனியும் மழையும் சேர்ந்த வாரங்களில்தான் வெந்நீர் அதிகம் தேவைப்படுகிறது, அப்போதுதான் சோலார் கைவிடுகிறது. ஆகவே, ஏற்கெனவே சோலார் இருந்தால் அதை முன்சூடாக்கியாக வைத்துக்கொண்டு பின்னால் ஹீட் பம்பை இணையுங்கள். புதிதாக ஒன்றை மட்டும் வாங்குவதானால் ஹீட் பம்ப் என்பது என் முடிவு.

எதை வாங்கினாலும் குழாய்களுக்கு வெப்பத்தடுப்பு உறை போடுங்கள். முதல் வெந்நீர் வருவதற்குள் ஆளுக்கு இரண்டு செம்பு பச்சைத் தண்ணீரைக் கீழே விடும் விடுதிகளில், இந்த உறையும் குழாய்ப் பாதையைச் சுருக்குவதும் கருவியை மாற்றுவதற்கு முன்பே பலன் தரும்.

ஹீட் பம்ப் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் என்கிறீர்கள். மலைக்குளிரில் எடுக்க என்ன இருக்கும்?

12 டிகிரிக் காற்றிலும் நிறைய இருக்கிறது. பனிக்கட்டி உறையும் ஊர்களிலேயே இக்கருவி ஓடுகிறது. ஆனாலும் காற்று சூடாக இருக்கும்போது அது குறைந்த மின்சாரத்தில் வேலையை முடிக்கும் என்பதால், அதிகாலை 4 மணிக்கு ஓட விடாதீர்கள். டைமர் வைத்து நண்பகல் 12 முதல் 4 மணி வரை ஓட்டி, நல்ல உறையிட்ட தொட்டியில் சேமித்தால் மறுநாள் காலை வரை சூடு நிற்கும். தேக்கிவைக்கும் நீரை 60 டிகிரி வரை ஏற்றி, குழாயில் பச்சைத் தண்ணீர் கலந்து விட வேண்டும். வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்னும் கிருமி வளரும். 60 டிகிரி நீர் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் என்பதால் கலப்பு வால்வு இல்லாமல் சிறுவர்களின் குளியலறைக்கு நேரடியாக விடக் கூடாது. ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகமானால் உள்ளே படிவு கட்டும். ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்வதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

குளிர் அதிகமான இரவில் மட்டும் விடுதி அறையில் கரி அடுப்பு வைக்கலாமா?

கூடாது. கேஸ் ஹீட்டரும் கூடாது. மூடிய அறையில் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, தூங்குபவர் விழிக்கமாட்டார். கூடுதல் கம்பளி கொடுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டிடம். சுவரெல்லாம் பூஞ்சணம், கணப்பு அடுப்பும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பூஞ்சணம் காற்றோட்டக் குறைவின் அடையாளம். ஈரத்துணி உலர்த்துவதை அறைக்குள் நிறுத்துவது, குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது, சுவரை ஒட்டிய மண்ணைத் தாழ்த்தி வடிகால் வெட்டுவது என்ற வரிசையில் செய்யுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு நிலைமை மோசமாகும்; சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். கணப்பு அடுப்பு பார்க்க அழகுதான், ஆனால் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. எரியாத நாட்களிலும் அறையின் கதகதப்பை அதே வழியில் இழுத்துச் செல்கிறது. பயன்படுத்துவதில்லை என்றால் புகைபோக்கியில் கழற்றக்கூடிய மூடி போட்டுவிடுங்கள்.

மாடியில் சோலார் பேனல் போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே?

பேனல் நல்ல முதலீடு. பள்ளி பகலில் இயங்குவதால் உற்பத்தியாகும் நேரத்திலேயே பெரும்பகுதியைப் பயன்படுத்திவிடலாம், பேனலின் நிழல் தளத்தின் சூட்டையும் குறைக்கும். ஆனால் 75 வாட் ஃபேனுக்காகப் பேனல் வாங்குவதைவிட, ஃபேனை 30 வாட்டுக்கு மாற்றிவிட்டுச் சிறிய பேனல் வாங்குவது மலிவு. கூரை ஒழுக்கையும் முதலில் சரிசெய்யுங்கள். பேனல் மாட்டிய பிறகு அதைச் செய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

அரசுப் பள்ளியில் இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் குறிப்பிட்ட தேவைக்கு நன்கொடை தரலாம். "பள்ளி மேம்பாடு" என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு வார வெப்பமானிக் குறிப்பையும் ஃபேன் கணக்கையும் இணைத்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு கேட்டால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். கூரைப் பூச்சைக் கோடைக்கு முன்னால் உலர்ந்த நாட்களிலும், உடைக்கும் வேலைகளை மே விடுமுறையிலும் வையுங்கள்.

எல்லாம் மாற்றினோம், பில் குறையவே இல்லை. ஏமாந்துவிட்டோமா?

முடிவுக்கு வருமுன் யூனிட்டைப் பாருங்கள், ரூபாயைப் பார்க்காதீர்கள். கட்டணம் உயர்ந்திருந்தால் மிச்சம் ரூபாயில் மறைந்துவிடும். போன மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். இடையில் புதிய கம்ப்யூட்டர் லேப், கூடுதல் பிரிவு, மாலை வகுப்பு ஏதாவது வந்ததா என்றும் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவின் மேல் விதிக்கப்படும் நிலைக்கட்டணம் யூனிட் குறைந்தாலும் குறையாது. உங்கள் உச்சப் பயன்பாடு உண்மையிலேயே இறங்கியிருந்தால், மின்பளுவைக் குறைக்கச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இவை எதிலும் காரணம் கிடைக்கவில்லை என்றால், விடுமுறை நாளொன்றில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் எங்கேயோ ஒரு கீசரோ, நிரம்பி வழியும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரோ யாரும் அறியாமல் ஓடுகிறது. அதைத் தேடிப் பிடிக்க எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் போதும்.